மலையிலிருந்து இறங்கும் லோடு

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சொந்த வேனில் கூரியர் பார்சல் ஏற்றிச் செல்கிறேன். திரும்பும்போது வண்டி காலி. ரிட்டன் லோடு பிடிக்க வழி உண்டா?

பதில்: சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் சரக்குக்குப் பருவம் உண்டு. கார்த்திகை முதல் தை வரை அராபிகா காப்பி அறுவடை, அதையொட்டி மிளகு, கோடையில் பலா. பெரிய எஸ்டேட்டுகளுக்கு லாரி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கும். அந்த வாசலில் காத்து நிற்பது வீண். நாகலூர், வாழவந்தி பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் நாலைந்து மூட்டைதான் தேறும். லாரிக்காரர் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். வேனுக்கு ஏற்ற லோடு அதுதான். இரண்டு மூன்று வீட்டு மூட்டைகளைச் சேர்த்தால் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கு ஒரு நடை தயார்.

மான்ஃபோர்ட் போன்ற விடுதிப் பள்ளிகள் ஆண்டு விடுமுறை விடும்போது பெட்டி படுக்கைகள் இறங்கும். பார்சல் கொடுக்கப் போகும் கூரியர்காரர் அங்கே தெரிந்த முகம். புரோக்கர் கமிஷன் கொடுத்தாலும் வாங்க முடியாத வசதி இது. லோடு கேட்க வேண்டிய நேரம் காலையில் பார்சல் கொடுக்கும்போது. மாலையில் வண்டியைத் திருப்பும்போது அல்ல.

இறங்கும் டீசல் எப்படியும் செலவாகும் என்பதால் பாதி வாடகையும் லாபமே. மணிக்கணக்கில் காக்க வைக்கும் லோடு அந்த லாபத்தைத் தின்றுவிடும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் தேவை.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆபத்து. லோடு வண்டிக்கு இரண்டாம் கியரே சரி.