நிலைக்கதவுக்குள் கரையானா? தேடிப் பார்க்கச் சில குறிப்புகள்

காற்றும் வெளிச்சமும் பட்டால் கரையானின் உடல் உலர்ந்துவிடும். அதனால்தான் அது மரத்துக்கு உள்ளேயும், மண்ணால் மூடிய பாதைக்கு உள்ளேயுமே நடமாடுகிறது. நிலையில் அடித்த பெயிண்ட் அப்படியே பளபளக்கும். உள்ளே மரம் இருக்காது. எனவே கண்ணில் படட்டும் என்று காத்திருக்காமல் நாம்தான் தேடிப் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, போகிக்கு வீட்டை ஒழிக்கும் நாள்கள் இதற்குத் தோதானவை. பொருள்கள் எப்படியும் இடம் நகரும், சுவரில் மழை ஈரமும் மிச்சமிருக்கும். ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு சாக்பீஸ் போதும்.

1. முதலில் மண் கோடு. சுவரும் தரையும் சேரும் மூலை, ஸ்கர்ட்டிங்கின் மேல் விளிம்பு, மாடிப்படிக்கு அடி, பரணின் உள்சுவர் ஆகிய இடங்களில் பென்சில் தடிமனில் மண் கோடு ஓடுகிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மண்ணோடு எச்சிலையும் கழிவையும் குழைத்துக் கரையான் கட்டிய சுரங்கம் அது. பார்த்ததும் துடைப்பத்தால் தட்டிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது, தயவுசெய்து வேண்டாம். பூச்சி எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று காட்டும் ஒரே தடயம் அதுதான். கீழ்முனை எந்த விரிசலில் இருக்கிறது, மேல்முனை எதில் முடிகிறது என்று பார்த்து, சாக்பீஸால் குறித்து, போனில் படம் எடுத்து வையுங்கள்.

2. அந்தப் பாதை புழக்கத்தில் இருக்கிறதா என்று அறிய, நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடையுங்கள். ஆள் இருக்கும் பாதையானால் வெளுத்த உடம்புள்ள வேலைக்காரக் கரையான்கள் சட்டென்று உள்ளே ஒதுங்கும். மஞ்சளும் பழுப்புமான பெரிய தலை, கொடுக்குத் தாடை கொண்ட காவல் கரையான்கள் உடைந்த வாயில் வந்து நிற்கும். ஒன்றும் வரவில்லை என்றாலும் உடனே முடிவு கட்ட வேண்டாம். மறுநாளும் அதற்கடுத்த நாள்களிலும் அதே இடத்தைப் பாருங்கள். இரு பக்கமும் பழைய மண் வெளிறிக் கிடக்க, உடைத்த இடத்தில் மட்டும் கருத்த ஈரமண் பூசியிருந்தால் கரையான் உள்ளேதான் இருக்கிறது. ஒரு வாரம் ஆகியும் உடைத்தது உடைத்தபடி இருந்தால் அந்தப் பாதையைக் கைவிட்டிருக்கலாம். வேறு வழி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

3. நிலைக்கதவுகளில் முதலில் பார்க்க வேண்டியது குளியலறைக் கதவு. நிலையின் கால் தரைக்குள் இறங்கியிருக்கும், தினமும் தண்ணீர் படும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியாகக் கேட்ட சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறும். அங்கே முனையால் லேசாக அழுத்துங்கள். பெயிண்ட் மட்டும் உள்ளே போய், மரம் இருக்க வேண்டிய இடத்தில் மண் உதிர்ந்தால் விஷயம் உறுதி.

தேக்கில் கரையான் ஏறாது என்று சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். வைரம் பாய்ந்த நடுக்கட்டைதான் தாக்குப்பிடிக்கும். பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதியைக் கரையான் தின்னும். அந்த வெள்ளைக் கட்டையும் சேர்ந்தே பல நிலைகள் அமைகின்றன. பனங்கையையும் நம்பி விட்டுவிட வேண்டாம். பிளைவுட் அலமாரியானால் பின்பலகையைக் கட்டாயம் தட்டிப் பாருங்கள்.

4. மரம் அரிபட்டால் எல்லாம் கரையான் அல்ல. சின்னச் சின்ன வட்டத் துளைகளும், அடியில் நைசான தூளும் கிடந்தால் அது உளு. கசகசா மாதிரிக் கெட்டியான மணிகள் குவிந்திருந்தால் உலர்மரக் கரையான். மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துவது அது. மரத்தின் குடைவில் மண் அப்பியிருந்தால்தான் தரையிலிருந்து ஏறும் கரையான். முதல் இரண்டுக்கும் தரையைத் துளைத்து மருந்து விடுவதால் பயனில்லை, அந்த மரத்துக்கே வைத்தியம் செய்ய வேண்டும். பணம் கொடுக்கும் முன் இந்த வேறுபாட்டைப் பார்த்துவிடுங்கள்.

5. ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான்தான். மழை விட்ட மாலையில் தெருவிளக்கைச் சுற்றுவதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். சன்னல் சாத்தியிருந்தும் உதிர்ந்த சிறகுகள் சன்னல் கட்டையிலோ குளியலறை மூலையிலோ குவிந்தால், கூடு வீட்டுக்குள் அல்லது வீட்டை ஒட்டியே இருக்கக்கூடும். நான்கு சிறகும் ஒரே நீளமாக இருந்தால் ஈசல். முன்சிறகு நீண்டு, இடுப்பு ஒடுங்கியிருந்தால் சிறகெறும்பு.

6. மாதக்கணக்கில் அசையாத பொருள்களில்தான் இழப்பு அதிகம். புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு, சுவரலமாரியில் அடியில் வைத்த வீட்டுப் பத்திரம், செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றிய கொலு பொம்மைகள். காகிதக்கூழ் பொம்மை இருந்தால் இரட்டைக் கவனம் தேவை. இரும்பு பீரோவில் இருப்பதால் பத்திரம் பத்திரமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பீரோவின் முதுகு சுவரில் ஒட்டியிருந்தால் கரையான் அதன் மேலேயே மண் பூசி, இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். நாலு அங்குலம் தள்ளி வைத்தால் பின்புறம் டார்ச் அடித்துப் பார்க்கலாம். தட்டில் விரித்த தாளையும் தூக்கிப் பாருங்கள்.

7. சுவருக்குள் போன வயர் குழாய் கரையானுக்கு நல்ல வழி. சுவிட்ச் பெட்டி ஓரத்தில் மண் கசிந்திருந்தால் நீங்களே திறக்காதீர்கள். மெயினை அணைத்து எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

8. ஏசி தண்ணீர் சொட்டும் சுவர், வாஷிங் மெஷினுக்குப் பின்புறம், கசியும் குழாய். ஈரத்தை நிறுத்தாமல் மருந்து மட்டும் அடித்தால் பலன் நிலைக்காது.

9. வீட்டைச் சுற்றியும் ஒரு நடை போங்கள். கட்டும்போது மண்ணில் புதைந்துபோன சென்ட்ரிங் பலகைத் துண்டு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, சுவரோடு சாத்திய தென்னை மட்டை, விறகு எல்லாமே அழைப்பு. பூந்தொட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

10. கரையானைக் கண்டதும் மண்ணெண்ணெயோ கரப்பான் ஸ்பிரேயோ அடிக்கத்தான் கை போகும். சாவது மேலே வந்த கொஞ்சம்தான். ராணி மண்ணுக்குள் இருக்கிறாள், மற்றவை வேறு வழியில் ஏறும். வாடகை வீடானால் எடுத்த படங்களை அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

11. மருந்து அடிப்பவரிடம் ஐ.எஸ். 6313 தரநிலையின் மூன்றாம் பகுதிப்படி செய்வாரா என்று கேளுங்கள். கட்டி முடித்த வீடுகளுக்கான இந்தியத் தரநிலை அது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மி.மீ. துளைகளை 300 மி.மீ.க்கு ஒன்றாக இட்டு, மருந்து இறக்கி, பிறகு அடைக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு தண்ணீரில் கலக்கிறார் என்று கேட்டு, சீல் வைத்த பாட்டிலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். வீட்டருகே கிணறு இருந்தால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியை மூடி, குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அன்றைக்கு வேறிடத்தில் விடுங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, இடையில் மீண்டும் வந்தால் இலவசமாகச் செய்வாரா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.