வீட்டில் மிஞ்சும் மருந்தும் ஊசியும்

சுற்றுச்சூழலைப் பேணுதல் என்றவுடன் துணிப்பையும் மரக்கன்றுமே நம் நினைவுக்கு வருகின்றன. நோயாளி உள்ள இல்லத்தில் அவற்றினும் முதன்மையான பழக்கம் ஒன்று உண்டு. மிஞ்சிய மருந்தையும் பயன்படுத்திய ஊசியையும் முறையாக அகற்றுதலே அது.

காலாவதியான மாத்திரைகளை நம்மில் பலர் கழிப்பறையில் கொட்டிவிடுகிறோம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்துப் பொருள்களை முழுமையாக நீக்குவதில்லை. எனவே அவை ஆறு, ஏரிகளை அடைகின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அவ்வாறு நீரில் கலப்பின், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக வழியேற்படும். நாளை நமக்கே அம்மருந்து பயன்படாமற் போகலாம்.

இன்சுலின் ஊசியோ உடனடி ஆபத்து. குப்பைப் பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் அது குத்தினால், ஹெபடைடிஸ் பி, சி போன்ற தொற்றுகள் பரவக்கூடும். ஊசியின் மூடியை மீண்டும் பொருத்த முயலாமல், தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் உடனே இடுக. முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி, மேலே ‘ஊசிகள்’ என எழுதுக. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஊசியையும் காலாவதியான மருந்தையும் வீட்டு அபாயக் கழிவாக வகைப்படுத்தின. பிற குப்பையுடன் கலவாது இவற்றைத் தனியே ஒப்படைத்தல் வேண்டும்.

மருந்து மிஞ்சாதிருப்பின் இன்னும் நன்று. ஆயினும் அதற்காக மருத்துவர் குறித்த அளவைக் குறைத்தல் கூடாது. அடுத்த பரிசோதனைக்கு வருகையில் வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். எவை தேவை, எவை வேண்டா என்பதை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம்.