புலிக்கு எவ்வளவு காடு வேண்டும்?

அன்புள்ள கயல்,

ஒரு புலிக்கு எவ்வளவு காடு வேண்டும் என்று கேட்டிருந்தாய். நேபாளத்தின் சித்வனில் ஒரு பெண்புலிக்கு ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர் போதும். ரஷ்யாவின் தூரக் கிழக்கிலுள்ள சிகோட்டே-அலின் மலைக்காட்டில் அதே பெண்புலிக்குச் சராசரியாக 390 வேண்டும், ஆணுக்கு 1,385. அங்கே குளிர் கொடியது. மானும் பன்றியும் அரிது. இரை குறையக் குறைய நடை கூடும்.

அந்த எண்கள் வந்த வழியைத்தான் நீ முக்கியமாகக் கற்க வேண்டும். 1992 முதல் அங்கே புலிகளை மயக்கி, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். ஆன்டெனாவைத் திருப்பத் திருப்ப, ஒரு திசையில் 'பீப்' ஒலி வலுக்கும். அந்தத் திசையில் வரைபடத்தில் ஒரு கோடு. வேறொரு மேட்டில் ஏறி நின்று இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் புலி. பாதையில்லாத பள்ளத்தாக்குகளில் சிறு விமானத்தில் பறந்து தேடினார்கள்.

சேர்ந்த புள்ளிகளில் வெளியோரத்தில் உள்ளவற்றை இணைத்துப் பரப்பைக் கணக்கிடுவது பழைய முறை. புலி ஒரே ஒரு நாள் தொலைவுக்குப் போய் வந்திருந்தாலும், அது கால் வைக்காத மலைமுகடெல்லாம் கணக்கில் ஏறிவிடும். அதனால் இப்போது அடர்த்தியைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிமேலும் ஒரு பிடி மாவைத் தூவினால், புலி அடிக்கடி போன இடத்தில் தடிமனாகப் படியும் அல்லவா? அப்படிப் படிந்ததில் 95 விழுக்காடு அடங்கும் பகுதியே அதன் நடமாட்டப் பரப்பு. மேலே சொன்ன ரஷ்ய எண்கள் இந்த முறையில் வந்தவை.

ஜிபிஎஸ் பட்டை மணிக்கொரு புள்ளி தரும்போது வேறொரு சிக்கல். அடித்த பன்றியருகே புலி இரண்டு நாள் படுத்துக் கிடந்தால் 48 புள்ளிகள் விழும். தெரியவந்த செய்தியோ ஒன்றுதான். அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால் பரப்பு சுருங்கிவிடும்.

சிகோட்டே-அலின் காப்பகம் சுமார் 4,000 சதுர கிலோமீட்டர். 390-ஆல் வகுத்துப் பார். பெண்புலிகள் பெரும்பாலும் தங்கள் இடத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை. பத்துக்கு மேல் தேறாது. ஆகவே வெளியே மரம் வெட்டும் காடுகளிலும் புலி வாழ்ந்தாக வேண்டும். பட்டை கட்டிய புலிகளில் இறந்தவை பெரும்பாலும் மனிதர் கையால்தான் இறந்தன. அதனால் 95 விழுக்காட்டுக் கணக்கில் விடுபடும் மீதி 5 விழுக்காட்டை 'வழிதவறல்' என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். பரப்பைச் சொல்ல அது தேவையில்லாமல் இருக்கலாம், காவலுக்குத் தேவை. வேட்டைக்காரர் நுழையாமலிருக்க, மரம் வெட்டி முடிந்த காட்டுச் சாலைகளை அங்கே அடைத்திருக்கிறார்கள். எதை முதலில் அடைப்பது என்று முடிவு செய்பவர் முன்னால், ஒரு புள்ளியும் விடாத வரைபடம் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை