பொலிஸ் என்றால் பயம்தானா?

லயத்துப் பக்கம் பொலிஸ் ஜீப் ஏறி வருகிறது என்றால் நம்மில் பலர் முதலில் செய்வது பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவதுதான். யாரைத் தேடி வந்தார்கள், என்ன விஷயம் என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு. "பொலிசுக்குப் போனா நமக்குத்தான் வம்பு" என்பது சோறு ஊட்டும்போதே பிள்ளைக்கு ஊட்டிவிடுகிற பேச்சாகிவிட்டது.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளர் போராட்டம் நடந்தபோது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். 1977 மே மாதத்தில், தோட்டக் காணியைப் பறிக்க விடமாட்டோம் என்று டெவன் தோட்டத்தில் நின்ற கூட்டத்தின் மீது சுட்டார்கள். சிவனு லெட்சுமணன் மாண்டார். இவற்றை மறைத்துவிட்டு நல்ல பொலிஸ்காரர் கதை சொன்னால் நம் தாத்தா பாட்டிமார்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆனால் அந்தக் கதைகளோடு மட்டும் நின்றுவிட்டால் நட்டம் நமக்குத்தான். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி ஓடும் பெண் எங்கே போவாள்? கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிய பிள்ளையிடமிருந்து ஒரு மாதமாகத் தகவலே இல்லையென்றால் தாய் தகப்பன் யாரிடம் சொல்வது? தலைவரிடம் சொல்லலாம், தொரையிடம் சொல்லலாம். கடைசியில் போக வேண்டிய வாசல் பொலிஸ் நிலையம்தான். அந்த வாசலில் நல்லவரும் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் நாம் துணிந்து படி ஏறுவோம். அதனால் இந்த முறை பாடத்தில் கடமையை ஒழுங்காகச் செய்த சிலரைப் பற்றிப் பார்ப்போம்.

முதலில் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர. சிலாபத்துக்காரர், சிங்களவர். யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதியாக இருந்த மா. இளஞ்செழியனுக்குப் பல வருடமாக மெய்ப்பாதுகாவலராக வேலை செய்தவர். 2017ஆம் ஆண்டு அது. புங்குடுதீவில் 2015இல் பாடசாலைக்குப் போன ஒரு மாணவியைக் கெடுத்துக் கொன்ற வழக்கை மூன்று நீதிபதிகள் சேர்ந்து விசாரித்து வந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் இளஞ்செழியன். நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு.

ஜூலை 22, சனிக்கிழமை பின்னேரம். நல்லூர்க் கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தியில் வாகன நெரிசல். நீதிபதியின் வாகனம் போக வழிவிடச் சொல்லி ஹேமச்சந்திர வீதியில் நின்றார். அந்த இடத்தில் ஒருவன் அவரோடு மல்லுக்கட்டி, அவருடைய துப்பாக்கியையே பறித்துச் சுட்டான். கூட வந்த இன்னொரு பொலிஸ்காரரும் காயப்பட்டார். நீதிபதிக்கு ஒன்றும் ஆகவில்லை. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். மறுநாள் விடியுமுன் ஹேமச்சந்திரவின் உயிர் போய்விட்டது. சுட்டவன் நீதிபதியைக் குறிவைத்தானா, வழியில் வந்த சண்டையா என்று அன்று இரண்டு விதமாகவும் பேசினார்கள். ஆனால் துப்பாக்கி வெடித்தபோது நீதிபதிக்கு முன்னால் நின்றவர் யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நம்மில் அநேகர் பத்திரிகையில் படமாகப் பார்த்திருப்போம். மரண தண்டனை எழுதுகிற கை உடைய அந்த நீதிபதி, செத்தவரின் மனைவி காலில் விழுந்து குழந்தை போல அழுதார். அவருடைய பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சிலாபத்துக்குப் போய் மரணச் சடங்கிலும் நின்றார். முப்பது வருட யுத்தத்தில் சிங்களப் பொலிஸ்காரரை எதிரியாகவே பார்த்துப் பழகிய யாழ்ப்பாணத்தில், சனங்கள் அந்த மனிதருக்காகக் கண்ணீர் விட்டார்கள். மேடையில் இன ஒற்றுமை பேசுகிறவர்களின் ஆயிரம் பேச்சை விட இது பெரிது என்பது நமது அபிப்பிராயம்.

வழக்கும் நின்றுபோகவில்லை. அதே வருடம் செப்டெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பு வந்தது. ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இன்னொருவர் மிகப் பழைய ஆள். கண்டியிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகிறவர்கள் மாவனல்லைக்குப் பக்கத்தில் உத்துவன்கந்த என்ற மலையைப் பார்த்திருப்பீர்கள். சரதியல் ஒளிந்திருந்த மலை. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்று சரதியலைப் பற்றிக் கதை உண்டு, படமும் எடுத்தார்கள். அவனைப் பிடிக்கப் போன கான்ஸ்டபிள் சபானை எத்தனை பேருக்குத் தெரியும்? மலாய் இனத்தவர். 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் சரதியல் பதுங்கியிருந்த வீட்டைச் சுற்றி வளைத்தபோது சூடுபட்டு இறந்தார். இந்த நாட்டில் கடமையில் உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் மார்ச் 21 பொலிஸ் வீரர் தினம். திருடனுக்குக் கதை, பொலிஸ்காரனுக்கு ஒரு தேதி. உலக வழக்கம் அப்படி! 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதனை போடப் போய்க் குண்டு வெடித்து மூன்று பொலிஸார் செத்தார்களே, அவர்களையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

சரி, உயிர் கொடுப்பது எல்லா நாளும் நடக்கிற காரியம் அல்ல. நமக்குத் தினம் தேவைப்படுவது சின்ன உபகாரம்தான். அதில் பெரியது பாஷை.

நம்மவர்கள் முறைப்பாடு கொடுக்கப் போகிறபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராலாமிக்குத் தமிழ் தெரியாது, நமக்குச் சிங்களம் அரைகுறை. நாம் ஒன்று சொல்ல, புத்தகத்தில் வேறொன்று ஏறும். வாசிக்கத் தெரியாமலே கையெழுத்தைப் போட்டுவிட்டு வருவோம். பிறகு கோர்ட்டில் "நீ அப்படிச் சொல்லவில்லையே" என்பார்கள். எத்தனை பெண்களின் வழக்கு இப்படியே பாழாய்ப் போயிருக்கிறது!

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் சேர்த்தாயிற்று. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமும் தெளிவாகவே சொல்கிறது. வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டை, சொன்ன பாஷையிலேயே எழுத வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எழுத முடியாவிட்டால், நம்மையே நமது பாஷையில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். நமக்கு எழுதவும் தெரியாதென்றால், அவர் தனக்குத் தெரிந்த பாஷையில் எழுதி, நமக்கு விளங்கும்படி மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

இதைச் செய்கிற பொலிஸ்காரர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மேசையிலிருந்து தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டி வருவார்கள். அழுகிற பெண்ணைப் பெண்கள், சிறுவர் பிரிவில் பெண் உத்தியோகத்தரிடம் அனுப்பி, ஒரு கிளாஸ் தண்ணீரும் கொடுத்துப் பேச விடுவார்கள். "புருஷன் பெஞ்சாதி சண்டைதானே, வீட்டுக்குப் போ" என்று விரட்டாமல், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று வழி சொல்வார்கள். அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே அந்த மனுவைப் போடவும் சட்டத்தில் இடமுண்டு. இப்படி நடக்கிறவர் நமக்குத் தருமம் செய்யவில்லை, தன் வேலையைத்தான் செய்கிறார். இருந்தாலும் மற்றவர் செய்யாத இடத்தில் அவர் செய்கிறபோது, நமக்கு அது பெரிய தயவாகத்தான் தெரிகிறது.

அடுத்த முறை போகும்போது எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். "வாசிச்சுக் காட்டுங்க ஐயா" என்று மரியாதையாகக் கேளுங்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதியவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 119, பிள்ளைகள் விஷயமென்றால் 1929, பெண்கள் விஷயமென்றால் 1938. முறைப்பாட்டை எடுக்கவே மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

குறித்துவைத்த அந்தப் பெயர் இன்னொன்றுக்கும் உதவும். நல்லபடியாக நடந்துகொண்டவர் என்றால், அந்த நிலையத்துப் பொறுப்பதிகாரிக்கு நாலு வரி தமிழிலேயே எழுதிப் போடுங்கள். தோட்டத்திலிருந்து குறை சொல்லித்தான் கடிதம் போகும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.