சாலைக்கு அடியில் இருக்கும் கல் எவ்வளவு விறைப்பானது?

மாணவர்களே, காற்றை உறிஞ்சி அடைத்த அரிசிப் பொட்டலத்தை அழுத்திப் பாருங்கள். செங்கல்லைப் போல் விறைத்திருக்கும். ஓரத்தை வெட்டினால் தளர்ந்துவிடும். அரிசி மாறவில்லை, வெளியிலிருந்து நெருக்கிய காற்று உள்ளேயும் புகுந்துவிட்டது, அவ்வளவுதான்.

தார்ச்சாலைக்கு அடியில் பரப்பும் உடைகல்லும் அப்படித்தான். பக்கவாட்டில் இறுக்கினால் கற்களின் பிடிமானம் கூடி, விறைப்பும் கூடுகிறது. அதை அளக்க உதவுவது மூவச்சுச் சோதனை.

சோதனை முறை
உடைகல்லை 150 மி.மீ. விட்டம், 300 மி.மீ. உயரமுள்ள உருளையாகக் கெட்டித்து, ரப்பர் உறையிட்டு, அழுத்தக் கலனில் வைப்பார்கள். சுற்றிலும் காற்றழுத்தம் தரப்படும். மேலிருந்து 0.1 விநாடி சுமை, 0.9 விநாடி ஓய்வு எனப் பலமுறை தொடரும். ஒவ்வொரு சுமையும் ஒரு லாரிச் சக்கரம் கடந்து செல்வதைப் போன்றது.

கணக்கு
ஒவ்வொரு முறையும் மேலிருந்து தரும் தகைவு 100 கிலோபாஸ்கல்; சுமை நீங்கியதும் உருளை மீளும் உயரம் 0.15 மி.மீ. என்க.
மீளும் திரிபு = 0.15 ÷ 300 = 0.0005
மீட்சிக் குணகம் = 100 ÷ 0.0005 = 200,000 கிலோபாஸ்கல் = 200 மெகாபாஸ்கல்

இந்த எண்ணைக் கொண்டே பொறியாளர்கள் சாலை அடுக்குகளின் தடிமனைத் தீர்மானிக்கிறார்கள். மீளாமல் தங்கும் சிறு அமுக்கமோ, சேர்ந்து சேர்ந்து சக்கரத் தடப் பள்ளமாகிறது.

மழைநீர் கல்லிடுக்குகளில் தேங்கினால், நீரின் அழுத்தம் கற்களின் பிடியைத் தளர்த்தும், விறைப்பு குறையும். சாலையோர வடிகால் அடைபடக் கூடாது என்பது இதனால்தான்.

சிந்திக்க: நனைந்த உருளை அதே சுமையில் 0.30 மி.மீ. மீண்டால், அதன் குணகம் என்ன?