தையல் நூலும் காயத்தின் தூய்மையும்



ஆபரேஷன் செலவுக்கு உதவி கேட்டு நமது டிரஸ்ட்டுக்கு வரும் குடும்பங்களில் சிலர் ஒரு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள்: "விலை கூடிய நூலில் தையல் போட்டால் சீழ் பிடிக்காதாமே, கடன் வாங்கியாவது அதையே போடச் சொல்லலாமா?" இதன் பதிலை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தையல் நூல் உடம்புக்கு அந்நியப் பொருள். அதைப் பற்றிக்கொண்டு கிருமி எளிதாக வளரும். 1957இல் எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நூல் இல்லாத தோலில் சீழ் உண்டாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. பட்டு நூல் இருந்த இடத்தில் சில நூறே போதுமாக இருந்தன.

நூலின் அமைப்பும் முக்கியம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒற்றைக் கம்பியைத் துடைத்தால் அழுக்குப் போய்விடும். முறுக்கிய கம்பியின் இடுக்கில் தங்கிவிடும். பட்டு நூல் பல இழைகள் பின்னியது. நைலான், பாலிபுரொப்பிலீன் நூல்களை ஒற்றை இழையாகச் செய்ய முடியும். கிருமி சேரக்கூடிய காயங்களுக்கு டாக்டர்கள் ஒற்றை இழையை விரும்புவது இதனால்தான். உள்தையலுக்குக் கரையும் நூல் உண்டு. விலங்குக் குடலில் திரித்த இழையால் தைப்பதைப் பற்றி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குர்துபாவின் அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி எழுதி வைத்தார்.

இப்போது டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி பூசிய நூலும் வந்துள்ளது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பயன்படுத்தலாம் என்றது. பின்னர் இந்தியா உட்பட 7 நாடுகளில், 54 மருத்துவமனைகளில், வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 5,788 பேரிடம் 'ஃபால்கன்' ஆய்வு நடந்தது. 2021இல் வெளியான முடிவு: நூறில் சுமார் 22 பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது, பூசிய நூலுக்கும் சாதாரண நூலுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

ஆகவே எந்த நூல் என்பதை டாக்டரிடம் விட்டுவிடுவோம். அதற்காகக் கடன் வேண்டாம். நம் கையில் இருப்பவை இவை:

1. ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள்.

2. முந்தின நாளோ அன்றோ சோப்புப் போட்டுக் குளியுங்கள். வீட்டில் பிளேடால் முடி மழிக்காதீர்கள். அந்தச் சிறு கீறல்களில் கிருமி நுழையும்.

3. கை கழுவாமல் கட்டைத் தொடாதீர்கள். மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதையும் வைக்காதீர்கள்.

4. காயம் நனையக் கூடாது என்று டாக்டர் சொன்னால், ஒளூவுக்காக நனைத்துவிடாதீர்கள். மார்க்கத்தில் இதற்குச் சலுகை உண்டு. கட்டின் மேல் மஸ்ஹு செய்வதா, தயம்மும் செய்வதா என்று இமாமிடம் கேளுங்கள்.

5. தையல் பிரிக்கச் சொன்ன நாளைத் தள்ளிப் போடாதீர்கள். நாள் கடந்து தங்கும் நூல் கிருமிக்கு வழியாகும்.

6. ஒரு மாதம் வரை கவனமாக இருங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, கூடும் வலி, சீழ், துர்நாற்றம் தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தூய்மையை ஈமானோடு சேர்த்துக் கற்ற சமுதாயம் நாம். அதை நோயாளியின் கட்டில் அருகிலும் பேணுவோம். அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபா தருவானாக, ஆமீன்.