மாசியில் கிராமத்து வீட்டில் இரு தினங்கள்

சேலம், நாமக்கல் சமவெளியில் மாசி மாதத்து விடியலில் பனி பெய்தும் பத்து மணிக்கெல்லாம் வெயில் உறைத்தும் விடுவதால், ராசிபுரத்துப் பக்கத்துப் பூர்வீக வீட்டிற்குச் சனி, ஞாயிறு கழிக்கக் குடும்பத்தோடு புறப்படுவோர், கம்பளியையும் மெல்லிய பருத்தி உடைகளையும் ஒருசேர எடுத்துச் செல்வது உசிதம். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடாயின், சென்றவுடன் பாய், தலையணைகளை வெயிலில் காயவிட்டு, விறகுக் குவியலைக் கைவைக்கும் முன் நீண்ட கழியால் தட்டிப் பார்க்க வேண்டும், தேள் ஒண்டியிருக்கக்கூடும். குழந்தைகளின் ஸ்நானத்திற்கு அடுப்பு மூட்டும் சிரமமும் அநேகமாக இராது. விடியலில் இறைத்த கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும், குடத்தின் வாயில் மெல்லிய ஆவி எழுவதை அவர்களுக்கு அவசியம் காட்டுங்கள்.

மாமரம் பூத்திருக்கும் சமயமாகையால் அதன் கிளையில் ஊஞ்சல் வேண்டாம்.

புளி உலுக்கும் பருவமும் இதுவே. பாட்டியைச் சுற்றித் திண்ணையில் அனைவரும் அமர்ந்து, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை நீக்கி, இரண்டு நாள் வெயிலில் உலர்த்திய புளியைக் கல்லுப்புத் தூவி அடுக்கடுக்காக மண்பானையில் அழுத்தி வைத்தால், அடுத்த மாசி வரை கெடாது. ஈரக்கை மட்டும் படலாகாது. நாமக்கல்லில் திறந்த வெளியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைத் தரிசிக்க எண்ணுவோர், தரை சுடுமுன் காலையிலேயே சென்றுவிடுக.